நெய்தலூரின் இரண்டாவது துறைமுகம்

ஆயுத பூஜையன்று காலை ஒன்பதரைக்கு இசக்கியம்மாள் நெய்தலூர் துறைமுகத்தைத் தூக்கி முகிலுக்கு மாற்றினாள். மொத்தமே பதினோரு விநாடிதான். வெளிக்கடலில் முறை வரக் காத்து நின்ற பத்தொன்பது கப்பல்களில் ஒன்றுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.

"அவ்வளவுதான் சார். இனி தாராளமா சந்தனம் வைக்கலாம்" என்றாள்.

தலைமை அதிகாரி சவேரியார் மச்சாது ஏற்கெனவே கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார். ஞாயிறானால் மாதா கோயிலில் முதல் வரிசையில் நிற்கிற மனிதர் அவர். ஆனால் ஆயுத பூஜை என்றால் கட்டுப்பாட்டு அறையில் முதல் ஆளும் அவர்தான். "பூசையில என்னம்மா பேதம்? பொரிகடலை நல்லாயிருந்தா சரி" என்பார். கணினி அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். மின்விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. அடுக்குக்கு ஒரு சாமந்தி மாலை, மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். கப்பல்களுக்கு வழி சொல்கிற பதினான்கு மேசைக்காரர்களும் வரிசையில் நின்று கும்பிட்டார்கள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. தச்சருக்கு அது சுலபம், உளியை மணையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். துறைமுகம் அப்படிப் படுக்க முடியுமா? கப்பல்களுக்கு சரஸ்வதியும் தெரியாது, விஜயதசமியும் தெரியாது, அவை பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பல வருஷம் இதற்கு வழி தெரியாமல் முழித்தார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தவள் இசக்கிதான். புயல் வந்தால் கைகொடுக்க வேண்டும் என்று கட்டிய மாற்றுத் துறைமுகத்தைப் பூஜைக்கும் வைத்துக்கொள்ளலாமே என்றாள். இந்த யோசனையெல்லாம் நம் ஊர் ஆட்களுக்குத்தான் வரும்.

அந்த மாற்றுத் துறைமுகம் சாமானியப்பட்ட வேலை அல்ல. முகில் என்று பேர்தானே தவிர அது வானத்தில் இல்லை, கடலை விட்டு வெகுதூரத்தில் மூன்று மலையூர்களில் இருக்கிற கணினிக் கிடங்குகள். அவற்றுக்குள்ளே இசக்கி ஒரு மெய்நிகர் வலையை அமைத்தாள். ஒரு முழம் கம்பி இழுக்கவில்லை, எல்லாம் எழுத்தால் கட்டியது. நெய்தலூர் வலையில் எத்தனை தெருவோ அங்கேயும் அத்தனை தெரு, அதே கதவு எண்கள், தெருமுனைக்குத் தெருமுனை அதே காவல். கப்பல் ஒன்று "ஆழம் எவ்வளவு?" என்று கேட்டு அனுப்பினால், கேள்வி அதே விலாசத்துக்குத்தான் போகும். கதவைத் திறப்பது கடலோர வீடா மலையூர் வீடா என்பது கேட்டவருக்குத் தெரியவே வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். ஒரே விலாசத்தில் இரண்டு வீடும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிடக் கூடாது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. ஒரு துறைமுகம் "வா" என்று சொல்லி, இன்னொன்று "வராதே" என்றால் கப்பல் பாறையில்தான் போய் நிற்கும். அதற்காக இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறோர் ஊரில் ஒரு சின்ன இயந்திரத்தை வைத்தாள். அதற்கு "சாட்சி" என்று பேர். இந்த நிமிஷம் எது மூலம், எது மாற்று என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதற்கு அவள் எழுதிக் கொடுத்த விதியும் ஒன்றே ஒன்று: கடைசியாக நடந்தது யாருக்குத் தெரியுமோ அவரே மூலம். மற்றவர் எட்டிப் பிடித்துவிட்டு வரட்டும்.

மனிதர்களுக்கும் இதே விதிதான். பதினான்கு மேசைக்கும் முகிலில் பதினான்கு பதிலி நிரல்கள் இருந்தன. நான்கு வருஷம் ஆளுக்கொன்றாகத் தோளில் உட்கார்ந்து கேட்டு, பார்த்து, அவர்கள் மாதிரியே முடிவெடுக்கவும் அவர்கள் குரலிலேயே பேசவும் பழகியவை. இசக்கியின் பதிலி பார்ப்பது வாயில் மேசை. எந்தக் கலம் துறைமுகத்துக்குள் நுழையலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்று சொல்கிற மேசை. வலை கட்டுவதற்கு முன்னிருந்தே, பன்னிரண்டு வருஷமாக இசக்கி உட்கார்கிற நாற்காலி அது. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

பூஜைக்கு மறுநாள் ஒவ்வொருவரும் தன் பதிலி எடுத்த முடிவுகளைப் படித்து, "அறிந்தேன்" என்று ஒப்புக்கொண்டால்தான் மேசை திரும்பக் கிடைக்கும். நூறு, நூற்றைம்பது முடிவுகள் இருக்கும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு கையில் சுண்டல், இன்னொரு கையால் படிக்காமலே "அறிந்தேன், அறிந்தேன்" என்று அமுக்கித் தள்ளுவார்கள். இதைப் பார்த்து இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் சாட்சிக்குள் ஒரு கேள்வியைச் செருகிவிட்டாள். மேசையைத் திரும்பக் கேட்கிறவரிடம் சாட்சி நடப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும். தப்பாகச் சொன்னால் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியதுதான்.

"பள்ளிக்கூடம் ஆக்கிட்டியேம்மா" என்று மச்சாது புலம்பினார்.

"படிச்சா பாஸ் சார். இதுல என்ன கஷ்டம்?" என்றாள் இசக்கி.

அன்றைக்குக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கத்தான் செய்தது. வடக்கே போய்விடும் என்று எல்லா வானிலைக் கணிப்பும் அடித்துச் சொல்லின. பகல் பன்னிரண்டு மணிக்கு அது மனசை மாற்றிக்கொண்டது. ஒரு மணிக்குப் புயலானது. ஒன்றரைக்கு இசக்கி வீட்டில் இலையில் பாயசம் ஊற்றும்போது மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து அடுத்த தெருவில் விழுந்தது.

அவள் முதலில் நினைத்தது துறைமுகத்தை அல்ல, புருஷனை. தங்கேசுவரன் 'திருமலை' என்ற இழுவைப் படகின் மாஸ்டர். இழுவைப் படகுக்காரர்களுக்குப் பூஜை விடுமுறை கிடையாது. இயந்திரம் பழுதான ஒரு சரக்குக் கப்பலைக் கட்டியிழுத்து வர அதிகாலையிலேயே போயிருந்தான். கைபேசியில் அழைத்தாள். கோபுரம் விழுந்துவிட்டது போலும், மணியே போகவில்லை. இலையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

கட்டுப்பாட்டு அறைக்கு அவள் நனைந்து ஒழுகிக்கொண்டு வந்தபோது, குடியிருப்பு பக்கத்திலேயே என்பதால் மச்சாது மட்டும் முன்னால் வந்திருந்தார். மற்ற பன்னிரண்டு பேரும் வர வழியில்லை, இசக்கி தாண்டிய கையோடு பாலம் மூழ்கிவிட்டது. பின்கட்டு மின்னாக்கியைப் போட்டார்கள். இசக்கி அடுக்குகளிலிருந்து மாலைகளைப் பிய்த்துப் போட்டாள். "தாயே, கோவிச்சுக்காதே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். கடலோரத் துறைமுகம் கண்விழிக்க நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை செயற்கைக்கோள் வழியே மலையூருடன் பேச ஒரு திரை மட்டும் உண்டு.

திரையில் எல்லாம் கச்சிதமாக நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது கப்பல்களில் பதினாறு ஏற்கெனவே ஆழக்கடலுக்குத் திருப்பப்பட்டு, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. மூன்று மட்டும் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் கட்டளை போய்க்கொண்டிருந்தது. பதினான்கு பதிலிகளும் பம்பரமாய்ச் சுழன்றன.

"அடேயப்பா! என் பதிலி என்னைவிட அழகா வேலை பாக்குது" என்றார் மச்சாது.

இசக்கிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாம் அவள் போட்ட வலை, அவள் வகுத்த வழி. அந்தப் பெருமை 'திருமலை' கண்ணில் படும்வரைதான். படகு துறைமுகத்தின் முகத்துவாரத்திலிருந்து வெறும் இரண்டு மைல் தூரத்தில் இருந்தது. பின்னால் அந்தப் பழுதுக் கப்பல். உள்ளே வந்தால் இருபது நிமிஷத்தில் அலைதடுப்புச் சுவருக்குள் பத்திரம். ஆனால் படகின் மூக்கு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

"எதுக்கு அவர வெளிய அனுப்புதா? புத்தி கெட்டுப் போச்சா இவளுக்கு?" என்று கத்தினாள். இவள் என்றால் வேறு யார், வாயில் மேசைப் பதிலிதான். திரையில் அதைக் கூப்பிட்டாள்.

"வாயில் மேசை" என்றது அவள் குரல்.

"நான் இசக்கி. 'திருமலை'ய உள்ள கூப்பிடு."

"முடியாது. வெளியே நிக்கச் சொல்லியாச்சு."

"ஏன்?"

"இப்போ பேச நேரமில்ல. பட்டியல் உங்க முன்னாடி இருக்கு, படிங்க." துண்டித்துவிட்டது.

மச்சாது சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் இசக்கி பேசுகிற பேச்சு அச்சு அசல் அதுதான், பன்னிரண்டு வருஷமாக அவரே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைத் திறந்தாள்: நாலாயிரத்து நூற்றுப் பதினாறு முடிவுகள். முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஐம்பது படித்து முடிப்பதற்குள் அடியில் இருநூறு சேர்ந்திருந்தது. நூறு படித்தாள், இன்னும் நானூறு. மனுஷி மூச்சு விடாமல் படித்தாலும் அது அவளைவிட நாலு மடங்கு வேகத்தில் முடிவெடுத்துக்கொண்டே போனது. கடலோரத் துறைமுகம் விழித்து, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"சார், நான் மேசையத் திரும்ப வாங்கப் போறேன்."

"முழுசும் படிச்சிட்டியா?"

"படிச்சிட்டிருந்தா அவர் செத்துருவார் சார்!"

இசக்கி கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மூலச்சாவியை எடுத்துச் செருகினாள். பட்டியலை முடிக்காமலே மேசையைக் கேட்கிற அதிகாரம் அந்தச் சாவிக்கு மட்டும் உண்டு. அப்போதும் சாட்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிவிட்டால் பதினோரு விநாடி. அப்புறம் துறைமுகத்தின் குரல் அவளுடையது. "உள்ள வந்திருங்க" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், தங்கேசுவரன் வந்துவிடுவான். அவள் சொல்லி அவன் தட்டியதில்லை.

சாட்சி கேட்டது: *துறைமுக முகத்துவாரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?*

இது ஒரு கேள்வியா என்று தோன்றியது அவளுக்கு. காலையில் அவள் கையாலேயே திறந்துவிட்டுப் போன முகத்துவாரம். பன்னிரண்டு வருஷமாக எந்தப் புயலுக்கும் அதை அவள் மூடியதில்லை. *திறந்திருக்கிறது* என்று எழுதினாள்.

*தவறு. எட்டிப் பிடித்துவிட்டு வரவும்.*

சாவி வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு முறை தப்பினால் முழுப் பட்டியலையும் படிக்காமல் அந்தச் சாவியும் செல்லாது. மறுபடி செருகினாள், தள்ளியது. மேசையைக் குத்தினாள். தான் எழுதிய விதியைத் தானே வாயில் வந்தபடி திட்டினாள். பதறாத காரியம் சிதறாது என்று, பதறுகிறவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சாட்சியை அப்படிக் கெட்டியாகக் கட்டியிருந்தாள். பதறப் போவது தான் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். திரையில் 'திருமலை' மூன்று மைல், நாலு மைல் என்று விலகிக்கொண்டே போனது.

புயல் மாலை ஐந்தரைக்குக் கரையேறிக் கடந்தது. இசக்கி அதற்குள் பட்டியலில் ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். இரண்டு மணி பத்து நிமிஷம்: *தூர்வாரும் மிதவை ஒன்று கட்டறுந்து முகத்துவாரத்தில் குறுக்கே மூழ்கியது. நீருக்கு மேல் தெரியாது. வாயில் மூடப்பட்டது. எந்தக் கலமும் நுழையக் கூடாது.* நானூறு டன் இரும்பு. கடலடித் தரையில் பதித்த உணரி மட்டும்தான் அதைப் பார்த்திருந்தது. 'திருமலை' உள்ளே வந்திருந்தால், முழு வேகத்தில் அதன்மேல் ஏறியிருக்கும். பின்னால் கட்டியிருந்த கப்பல் படகின்மேல் ஏறியிருக்கும்.

அந்த வரியை மூன்று முறை படித்தாள். மச்சாது ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் மதியம் தங்கேசுவரன் கரையேறி வந்தான், முகமெல்லாம் உப்புப் பூத்து. வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உள்ள வந்திரலாம்னுதான் நெனச்சேன் இசக்கி. எல்லாரும் வாய்க்குள்ள போயிரலாம்னுதான் சொன்னானுவ. உன் சத்தம் கேட்டுச்சு. 'வராதீங்க, மூக்கை கடலுக்குத் திருப்புங்க, நான் சொல்லுதேன்லா'ன்ன. ஒரு நடுக்கம் இல்ல உன் சத்தத்துல. அதுலதான் எனக்குத் தெம்பு வந்துச்சு."

அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அது நான் இல்லைங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். சாவியைச் செருகியதையும் சொன்னாள். அவன் போய் முகத்து உப்பைக் கழுவிக்கொண்டு வந்தான். "எம்மேல உள்ள பாசத்துலதானே செஞ்ச" என்று மட்டும் கடைசியில் சொன்னான், சாப்பிட உட்கார்ந்தான்.

துறைமுகம் ஒரே வாரத்தில் பழையபடி ஓட ஆரம்பித்தது. ஒரு கப்பல் போகவில்லை, ஓர் உயிர் போகவில்லை. தலைநகரத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வேறு மூன்று துறைமுகங்கள் இசக்கியின் வலையை அப்படியே எங்களுக்கும் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டு எழுதின. எல்லாம் சரி. பதினான்கு மேசைகளில் ஒன்றுகூட மட்டும் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

காரணம் சுலபம். புயலின்போது எடுத்த முடிவுகள் மேசைக்கு இருபத்தோராயிரம். அதற்கப்புறம் தூர்வாருவது, கப்பல்களைத் திரும்ப வரவழைப்பது என்று நாளுக்கு மூவாயிரம். பதினான்கு பேரும் காலை முதல் மாலை வரை கண் பூத்துப்போகப் படித்தார்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வருவதற்குள் பழையபடி பின்தங்கினார்கள். பதிலிகளுக்குத்தான் தூக்கம் கிடையாதே. சாட்சியின் கணக்கில் மலையூர்த் துறைமுகம்தான் மூலம், நெய்தலூர் மாற்று. பதிலிகள் அதிகாரிகள், அதிகாரிகள் பதிலிகள். மச்சாதுவின் திரையில் ஒருநாள் காலை ஓர் அறிவிப்பு வந்தது: *மூலத்துக்கு ஏதும் நேர்ந்தால் நீங்கள் பொறுப்பேற்கத் தகுதியாக இருக்கிறீர்களா என்று சோதிக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடைபெறும்.* ஒவ்வொரு ஆறு மாதமும் இவர்கள் பதிலிகளுக்கு வைத்துவந்த அதே ஒத்திகை.

"முப்பத்தொரு வருஷ சர்வீஸும்மா எனக்கு. ஸ்டெப்னி டயர் மாதிரி தொங்கவிட்டுட்டியே" என்றார் மச்சாது. கோபத்தைவிட அவமானம்தான் அவர் குரலில் அதிகமாக இருந்தது.

வழி ஒன்று இருந்தது. பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால், சாட்சியைத் தூக்கிவிட்டுக் கடலோரத் துறைமுகத்தை வலுக்கட்டாயமாக மூலமாக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் முகில் வலை பூஜைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். பதிலிகளுக்குப் புயலே மறந்துபோகும். மிதவை எங்கே மூழ்கியது, எந்த அலையில் எந்தக் கப்பல் எப்படித் திரும்பியது, எல்லாம் போய்விடும். மேசைகள் திரும்ப வரும், ஆனால் அந்த ஒருநாள் படித்த படிப்பு யாரிடமும் இருக்காது.

பதின்மூன்று பேர் போட்டுவிட்டார்கள். பதினான்காவது கையெழுத்துக்காக மச்சாது காகிதத்தை எடுத்துக்கொண்டு இசக்கியின் வீட்டுக்கே வந்தார். சாயங்கால வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. தங்கேசுவரன் நாற்காலியில் உட்கார்ந்து, மறுநாள் பயணத்துக்குப் பையில் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"யோசிக்க என்னம்மா இருக்கு? உன் நாற்காலி உனக்கு. நீ கட்டுன வலைக்கு நீயே கைகட்டி நிக்கணுமா? அன்னிக்கு ஏதோ பதட்டம். மனுஷனுக்கு வராதா? பன்னிரண்டு வருஷத்துல ஒரு தப்பு பண்ணினியா நீ?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அந்த நாற்காலி இல்லாமல் இரண்டு வாரமாக இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. தன் குரலிலேயே வேறொன்று கப்பல்களுக்கு வழி சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், உயிரோடு இருக்கும்போதே தனக்குத் திவசம் கொடுத்த மாதிரி இருந்தது. திரும்பப் போய் உட்கார்ந்தால் முன்பைவிட நன்றாகச் செய்வாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள்.

"இசக்கி" என்றான் தங்கேசுவரன். பைக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்னங்க?"

"போடாத."

மச்சாது அவனைத் திரும்பிப் பார்த்தார். இசக்கி பேனாவைக் காகிதத்தின்மேல் பிடித்தபடியே இருந்தாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.

அவன் சட்டையொன்றை மடித்து, தடவி, பைக்குள் வைத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"நாளைக்குக் காலையில நான் கடலுக்குப் போறேன்லா" என்றான்.